முத்திரையில் ஒட்டியிருந்த மை

சசெபோ
11 பிப்ரவரி 2018

அன்புள்ள கென்சாகு,

முதலில் ஒரு திருத்தம். பின்கட்டில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் உன் அம்மாவை மயக்கி ஏதோ ஜாமீன் தாளில் முத்திரை வாங்கிவிட்டார் என்று அடுத்த வீட்டு ஹமாசாகி உனக்குத் தொலைபேசியில் சொன்னாளாம். அது தவறு. டெல்பின் என்னிடம் கேட்கவே இல்லை. நானாகத்தான் முன்வந்தேன். கிழவி என்று அவள் சொன்னதை மட்டும் நான் மறுக்கவில்லை. எழுபத்தெட்டு வயதாகிறது.

இங்கே பிளம் மரம் இந்த வருடம் முந்திக்கொண்டு பூத்துவிட்டது. உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? வங்கியில் மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று மிஹோகோ சொன்னாள். மருமகள் சொல்வதைக் கேள், உட்கார்ந்து சாப்பிடு.

டெல்பினைப் பற்றி ஹமாசாகி வாயால் கேட்பதைவிட என்னிடம் கேட்டிருக்கலாம். பிலிப்பைன்சில் இலோய்லோ ஊர்க்காரர். கப்பல் கட்டும் தளத்தில் வடிவமைப்புப் பொறியாளர். மூன்று வருடமாக நம் பின்கட்டு வீட்டில் இருக்கிறார். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்கு எனக்கு முன்பே வந்துவிடுகிறார். குப்பையைச் சரியான கிழமையில், சரியான பையில் வெளியே வைக்கிறார். இதை ஹமாசாகியைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

அவருக்கு இங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி வேண்டும். அதற்கு இந்த ஊர்க்காரர் ஒருவர், இவர் ஒழுங்காக நடப்பார் என்று எழுதி, கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையை வைத்துத் தர வேண்டும். நான் வைத்தேன். அவ்வளவுதான் செய்தி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


கவாசாகி
24 பிப்ரவரி 2018

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே இரண்டு முறை பனி பெய்தது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மிஹோகோவும் நானும் நலம்.

நீங்கள் வைத்த முத்திரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் யோசிக்காமல் எதையும் செய்கிறவர் இல்லை. ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். பெரியப்பாவின் படகுக் கடனுக்கு அப்பா ஒரு முத்திரை வைத்தார், ஆரஞ்சுத் தோட்டம் போயிற்று. அப்போது எனக்குப் பத்து வயது. மரங்களை எண்ண ஆட்கள் வந்ததை நான் பார்த்தேன்.

இங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்காகவே ஓர் அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். படியே கிடையாது. சும்மா சொன்னேன்.

மே மாத விடுமுறையில் வருகிறேன்.

கென்சாகு


சசெபோ
12 மார்ச் 2018

அன்புள்ள கென்சாகு,

வசந்தம் வந்துவிட்டதென்று நாட்காட்டிதான் சொல்கிறது, காற்று சொல்லவில்லை. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி.

வங்கியில் கடன் பிரிவில் இருபத்தைந்து வருடம் இருக்கிற நீ, கடன் ஜாமீனையும் இதையும் ஒன்றாக எழுதியது எனக்கு ஆச்சரியம். இதில் பணம் கிடையாது. அவர் தவறினால் என் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். போவது என் சொல்லின் மதிப்பு மட்டும். அதனால்தான் நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

விண்ணப்பத்தை அடியில் கணப்பு வைத்த என் தாழ்ந்த மேசையில் வைத்துத்தான் நிரப்பினார். உயர்ந்த திறமையுள்ள வெளிநாட்டவருக்குப் புள்ளிக் கணக்கு ஒன்று இருக்கிறதாம். எண்பது வந்தால் சீக்கிரம் விண்ணப்பிக்கலாம்.

"முனைவர் பட்டத்துக்கு முப்பது. மொழித் தேர்வுக்குப் பதினஞ்சு. நாப்பதுக்குள்ள இருக்கறதால வயசுக்கு அஞ்சு," என்று கூட்டிக்கொண்டே போனார்.

"எனக்கு எவ்வளவு வரும்?" என்றேன்.

"உங்களுக்கு வயசுலயே பூஜ்யம்மா."

"அப்போ என்னை எந்த நாட்டுக்குத் துரத்துவாங்க?"

"உங்களையா? அந்தத் தைரியம் எந்த அதிகாரிக்கு இருக்கு?"

சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிவிட்டேன். இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அவருக்கு ஏன் இது அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தளத்தில் வடிவமைப்புப் பிரிவை செப்டம்பரோடு மூடப்போகிறார்கள் என்று பேச்சு. இப்போது அவருக்கு இருக்கும் விசா அந்த நிறுவனத்தோடு கட்டிப்போட்டது. நிரந்தர அனுமதி கிடைத்தால் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், வங்கியும் வீட்டுக் கடன் கொடுக்கும். கிடைத்ததும் பின்கட்டு வீட்டையும் கிணற்றடி வரைக்குமான நிலத்தையும் அவருக்கே விற்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஊரிலிருந்து மனைவியை அழைத்து வருவார். நான் முன்கட்டில் கடைசி வரை இருந்துவிடுவேன். படி இல்லாத மாடி வீட்டை வேறு யாருக்காவது காட்டு.

மே மாதம் வரும்போது தடித்த சட்டை கொண்டு வராதே, வீணாகச் சுமப்பாய்.

அம்மா


சசெபோ
16 மே 2018

அன்புள்ள கென்சாகு,

பச்சை தழைத்துக் கண் கூசுகிறது. சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ வந்துபோன பிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது. கிணற்றடிப் புல்லை வெட்டியதற்கு நன்றி. அளவு நாடாவை மாடத்தில் விட்டுப் போயிருக்கிறாய். எதை அளந்தாய் என்று தெரியவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காப்பீட்டுப் பத்திரத்துக்காக, நகர அலுவலகத்தில் பதிந்த என் முத்திரையைக் கேட்டாய். உன் அப்பா போன பிறகு அது என் கையை விட்டுப் போனதில்லை. பெற்ற மகன் கேட்கிறான், வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பையோடு கொடுத்தேன். விடுமுறையில் அலுவலகம் பூட்டியிருந்தது, வைக்கவே இல்லை என்று சாயங்காலம் திருப்பித் தந்தாய்.

நேற்று திறந்து பார்த்தேன். எழுத்தின் பள்ளத்தில் சிவப்பு மை ஒட்டியிருந்தது. நான் எப்போதும் துடைத்துத்தான் உள்ளே வைப்பேன். கன்னியர் பள்ளியில் சிஸ்டர் க்ளெமென்ஸ் பேனா முனையைத் துடைக்காத பெண்ணை வாசலில் நிற்க வைப்பார்; அந்தப் பழக்கம். பிப்ரவரியில் டெல்பினுக்கு வைத்தபோது நான்தான் மறந்திருக்கிறேன் போலும். வயதாகிறது என்பதை முதன்முறையாக ஒப்புக்கொள்கிறேன். ஹமாசாகியிடம் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


கவாசாகி
20 ஜூன் 2018

அன்புள்ள அம்மா,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. ஈரத்தில் வழுக்கும், கவனமாக நடங்கள். வேலை அதிகம், அதனால் இந்த அஞ்சலட்டை. நாடா அங்கேயே இருக்கட்டும், திரும்ப வரும்போது தேவைப்படும். மிஹோகோ நலம் விசாரித்தாள்.

கென்சாகு


சசெபோ
28 ஜூலை 2018

அன்புள்ள கென்சாகு,

வெயில் கொளுத்துகிறது. மதியத்தில் வெளியே போகாதே. நான் பார்லித் தேநீரைக் குளிர வைத்துக் குடித்து நாளை ஓட்டுகிறேன்.

உன் அட்டையில் என் முத்திரை விஷயத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, அது கேள்வியாகவும் இல்லை.

எனக்கு மனம் சரியில்லை. டெல்பின் மாறிவிட்டார். முன்பெல்லாம் சமையலறைக் கதவைத் தட்டி, "அம்மா, என்ன வாசனை இது? பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கெடக்கறது தெரியலையா?" என்பார். இப்போது வாசலில் நின்று இடுப்பு வரை குனிந்து வணங்குகிறார். வாடகையைப் புதுக் கவரில் போட்டு இரண்டு கையாலும் நீட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன். "உங்களுக்கு ஏற்கனவே ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிக்கணும்," என்றார். அனுமதி என்னவாயிற்று என்று கேட்டேன். "இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க," என்று தரையைப் பார்த்தார்.

ஹமாசாகி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"என்ன அக்கா, உங்க பின்கட்டுப் பிள்ளை இப்பல்லாம் எட்டியே நிக்கிறாரு? முத்திரை கெடைச்சாச்சு, வேலை முடிஞ்சுது. இனிமே கெழவி எதுக்கு?"

"உன் குப்பையை நாய் இழுத்துட்டுப் போகுது, போய்ப் பாரு," என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. என் சொல் அவருக்கு ஒரு படியாக மட்டும்தான் இருந்ததா?

இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் எழுத முடியாது.

அம்மா


சசெபோ, பின்கட்டு வீடு
2 செப்டம்பர் 2018

மதிப்பிற்குரிய உராதா அம்மாவுக்கு,

வெயில் தணிந்துவரும் இந்த நாட்களில் நீங்கள் உடல்நலத்தோடு இருக்க வேண்டுகிறேன்.

நேரில் விடைபெறாமல் போவதற்கு மன்னியுங்கள். நேரில் நின்றால் நான் ஏதாவது கேட்டுவிடுவேன். அது உங்களைச் சங்கடப்படுத்தும். இங்கே சில விஷயங்களைக் கேட்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

என் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. எங்கள் பிரிவும் இந்த மாதம் மூடுகிறது. தென் கொரியாவில் உல்சான் தளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை காலை கிளம்புகிறேன்.

நீங்கள் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். உங்கள் பெயரை எனக்காக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நான் நெருங்கி வந்ததே தவறு. உங்கள் வீட்டில் நான் சத்தமாகச் சிரித்ததோ, கேட்காமல் சமையலறைக்குள் வந்ததோ மனம் நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

குளியலறைக் குழாயில் புது வளையம் போட்டிருக்கிறேன், இனி ஒழுகாது. சாவி தபால் பெட்டியில் இருக்கிறது. இந்த மூன்று வருடமும் நீங்கள் போட்ட சோற்றுக்கு நன்றி.

டெல்பின் மக்பனுவா


சசெபோ
9 செப்டம்பர் 2018

அன்புள்ள கென்சாகு,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

டெல்பின் போய்விட்டார். தன் கடிதத்தில், நான் எடுத்த முடிவை மதிப்பதாக எழுதியிருக்கிறார். நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. அதனால் இன்று பூசை முடிந்ததும் அவருடைய பிரிவுத் தலைவர் ஓகுபோவை வாசலில் நிறுத்திக் கேட்டேன். மனிதர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அது... நீங்க விலகிட்டீங்கன்னு ஆனதும், எங்களால ஒண்ணும் பண்ண முடியல."

"யார் விலகினது?"

"நீங்கதாம்மா. மே மாசமே குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கே, உங்க முத்திரையோட. வேற ஆளைக் கொண்டுவான்னு அவருக்கு நாள் குடுத்தாங்க. ஒருத்தர் முத்திரையை எடுத்த எடத்துல அடுத்தவர் எப்படி வைப்பார்? நானே வைக்கல. அத நெனச்சா எனக்கு வெக்கமாத்தான் இருக்கு."

"இந்த எல்லாத்தையும் அவர் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேக்கணும்னுதான் நின்னாரு. நாங்கதான் தடுத்தோம். 'முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல முடியாமச் சம்மதிச்சிருப்பாங்க. இப்பப் போய்க் கேட்டா அந்த அம்மாவுக்குத்தான் தலைகுனிவு'ன்னோம்."

அத்தனை பேரும் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. நானும் அவரை நன்றி கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு வாசலைச் சாத்தினேன். எனக்குப் பயந்து அவர் குனிந்தார், அதை நான் அலட்சியம் என்று படித்தேன்.

என் முத்திரை என் கையை விட்டு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது அதில் மை ஒட்டியிருந்தது. மறதி என்னுடையது என்று நானே உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீ எனக்கு மழையில் வழுக்கும் என்று எழுதினாய்.

நீ செய்தாயா, இல்லையா?

உன் வயிறு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அம்மா


கவாசாகி
21 அக்டோபர் 2018

அன்புள்ள அம்மா,

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். பத்து முறை தொலைபேசியில் அழைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. இங்கே மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. உங்கள் முழங்காலுக்குக் குளிர் ஆகாது.

நடந்ததைத் திரும்பப் பேசி என்ன பயன்? அவர் திறமைசாலி. எண்பது புள்ளி உள்ளவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். உங்களுக்கு இருப்பது ஒரே மகன். நிலத்தை இரண்டாக வெட்டி விற்றால் மிச்சத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று நான் படும் கவலையும் தெரியாது. நாளைக்கே மிஹோகோ உங்களுக்கான அறையைக் காட்டத் தயாராக இருக்கிறாள்.

அடுத்த மாதம் வீட்டு மனைத் தரகர் ஒருவர் பார்க்க வருவார். சும்மா மதிப்புப் போடத்தான். தயவுசெய்து உள்ளே விடுங்கள்.

கென்சாகு


சசெபோ
1 நவம்பர் 2018

திரு டெல்பின் மக்பனுவா அவர்களுக்கு,

கடல் தாண்டி இருக்கிறீர்கள். அங்கே குளிர் இங்கேயைவிட முன்னால் வரும் என்கிறார்கள். கம்பளி உள்சட்டை வாங்கினீர்களா?

மே மாதம் என் பெயரில் போன விலகல் கடிதத்தை நான் எழுதவில்லை. அதில் இருக்கும் முத்திரை என்னுடையதுதான். வைத்த கை என்னுடையதல்ல. அது என் மகன் கென்சாகுவின் கை. அவனை நம்பி நான்தான் கொடுத்தேன். வெளியில் சொல்லக் கூசும் விஷயம் என்பதால் இங்கே இன்னொரு முறை மறைத்தால், நானும் அவனோடு சேர்ந்து முத்திரை வைத்தவள் ஆகிவிடுவேன்.

உங்கள் சிரிப்பு இந்த வீட்டில் யாரையும் நோகடித்ததில்லை. உங்களைப் பற்றிப் பிப்ரவரியில் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு சொல்லிலும் இன்றும் உறுதியாக நிற்கிறேன்.

தோகியே உராதா


உல்சான்
19 நவம்பர் 2018

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை உணவுக் கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். உள்சட்டை வாங்கிவிட்டேன். அடுத்த வருடம் மனைவியை இங்கேயே அழைத்துக்கொள்கிறேன்.

வேறு ஆளைக் கொண்டுவரச் சொன்ன காரணத்தைக் கேட்கப் போனபோது, அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி இருந்த ஒரு வாக்கியத்தை அதிகாரி வாசித்துச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் சொன்னது என்று நம்பி, எங்கே தவறினேன், எப்போது தவறினேன் என்று கோடைக்காலம் முழுதும் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் வாக்கியம் இல்லை என்று தெரிந்ததே எனக்குப் போதும். உங்கள் மகனோடு சண்டை போடாதீர்கள்.

அந்தக் குழாய் ஒழுகுகிறதா?

டெல்பின்


சசெபோ
8 டிசம்பர் 2018

கென்சாகு,

சசன்கா பூ உதிர்ந்து கிணற்றடி முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிறது. நான் நலம். நீயும் மிஹோகோவும் நலமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

நான் கேட்ட கேள்விக்கு நீ இல்லை என்று எழுதவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

மனைத் தரகர் வந்தார். நம் நிலத்தின் வரைபடம் அவர் கையில் இருந்தது, பின்கட்டின் அளவு உன் எழுத்தில். "எப்ப காலி பண்றீங்க பாட்டி?" என்றார். "நான் போறப்ப தூக்கிட்டுப் போவாங்க, அப்ப வந்து பாருங்க," என்றேன். தேநீர் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

நகர அலுவலகத்துக்குப் போய்ப் பழைய முத்திரையின் பதிவை நீக்கிவிட்டேன். புதிதாக ஒன்று செதுக்கிப் பதிந்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்பது உனக்குத் தெரிய வேண்டாம். பழையது உன் அப்பா எனக்கென்று செதுக்கி வாங்கியது. அதை இனி எதிலும் வைக்க முடியாது. சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். நீ என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்போம். நான் ஜெயித்திருப்பேன், நீ ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். அதோடு போயிருக்கும்.

நான் தனியாக விழுந்து கிடப்பேன் என்று நீ பயந்தாய். பின்கட்டில் ஒருவர் இருந்தார். தட்டினால் கேட்கும் தூரம்.

ஹமாசாகி இப்போது ஊரில் வேறு கதை சொல்கிறாள். உராதா அம்மா கடைசி நேரத்தில் பயந்து ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாளாம். அதை நான் இன்னும் திருத்தவில்லை. திருத்தினால் உன் பெயரைச் சொல்ல வேண்டிவரும். எத்தனை நாள் இப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் பெயரில் போன கடிதத்தில் டெல்பினைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்திருக்கிறது. அதை எனக்குச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதாக அரசாங்கக் கோப்பில் இருக்கும் ஒன்று, எனக்கு மட்டும் தெரியாது.

நீ வர வேண்டாம். தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். அந்த வாக்கியத்தை ஒரு சொல் மாற்றாமல் உன் கையால் எழுதி, அடியில் உன் முத்திரையை வைத்து, தபாலில் அனுப்பு.

அம்மா